கவிதை எழுதாத ஒரே ஆள்

பாளையங்கோட்டை,
திங்கட்கிழமை காலை.

மரியாதைக்குரிய அத்தான் கார்த்திகேசன் அவர்களுக்கு, மைத்துனன் திருஞானசம்பந்தம் பணிந்து எழுதுவது. நெல்லையப்பர் புண்ணியத்தில் இங்கே நானும் உலகம்மாளும் நலம். என் சர்க்கரை அளவைத் தவிர வீட்டில் எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. ஆழ்வார்குறிச்சியில் தாங்களும் அக்காவும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என நம்புகிறேன். போனிலேயே சொல்லிவிடாமல் கடிதம் எழுதக் காரணம், இதனுடன் ஒரு சான்று இணைத்திருக்கிறேன். அசல். பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.

போன மாதம் தங்கள் வீட்டு முற்றத்தில், தங்களைச் சாட்சியாக வைத்து உலகம்மாள் எனக்குப் போட்ட நிபந்தனை நினைவிருக்கும். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சரி என்றுவிட்டேன். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "கவிதை எழுதாத ஒரு ஆளு, ஒங்கள முன்ன பின்ன தெரியாத ஆளு, ஒங்க கவிதைய இன்னொரு தடவ கேக்கட்டும். அப்புறம் எழுதிக்கிட்டே இருங்க. இல்லன்னா பேனாவத் தூக்கி உள்ள வச்சிரணும்." பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒப்புக்கொண்ட பிறகு பேச்சு மாறமுடியாது. ஆகவே வண்ணார்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் நடந்த கவிஞர்கள் மாநாட்டுக்குச் சனிக்கிழமை போனேன்.

போனபிறகுதான் சிக்கல் புரிந்தது. மண்டபத்தில் எழுபது பேர் இருந்தார்கள், எழுபது பேர் சட்டையிலும் 'கவிஞர்' என்று அட்டை குத்தியிருந்தது. சரி, மைக்செட்காரர் இருக்கிறாரே என்று தெம்பாக இருந்தேன், கிருபைராஜ் என்று பெயர், நல்ல மனிதர், ஆனால் மைக்கைத் தட்டிச் சோதனை பார்க்கும்போதே மழையைப் பற்றி நாலு வரி சொன்னார், சொந்தமா என்று கேட்டால் இரண்டு தொகுப்பு போட்டிருக்கிறாராம். பின்கட்டுக்குப் போய் அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன், அவர் முருகன்மேல் அந்தாதி பாடி அறுபது பாட்டு முடித்திருக்கிறாராம், கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார், முப்பது பாட்டு கேட்டேன். முன்வரிசையில் ஒருவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார், இவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறவர் நிச்சயம் கவிஞராக இருக்கமுடியாது என்று அவர்பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், அவர்தான் கவியரங்கத் தலைவர்.

அம்பாசமுத்திரம் பேச்சிராஜ் எனக்கு அங்கே சிநேகிதமானார். கவியரங்கத்தில் நல்ல வரி வந்தால் கேட்பவர்கள் 'மறுமுறை' என்று குரல் கொடுக்கும் வழக்கம் தாங்கள் அறிந்ததே. அவருக்கு நான் குரல் கொடுப்பது, எனக்கு அவர் கொடுப்பது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். கவிஞர் குரல் உலகம்மாளிடம் செல்லாதுதான், ஆனாலும் ஒரு தெம்புக்கு. என் முறை மத்தியானம் வந்தது. "அவையோருக்கு வணக்கம்" என்றேன். பேச்சிராஜ் உடனே "மறுமுறை" என்றார். வணக்கத்தை இரண்டாம் தடவையும் சொன்னேன், அதற்கும் கைதட்டினார். மனிதர் வாக்குத் தவறாதவர்.

கவிதை பத்திர ஆபீஸைப் பற்றியது. இருந்த ஒரே வீட்டை எழுதிக்கொடுத்துக் கைநாட்டு வைத்த ஒரு பெண், பெருவிரல் மையைத் துடைக்கத் துணியில்லாமல் தன் தலைமுடியில் துடைத்துக்கொண்டு போனதை எழுதியிருந்தேன். அது நடந்தது, நான் கண்ணால் பார்த்தது. படித்து முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண்குரல்: "சார், அந்த மையத் தலையில தொடச்சிக்கிட்ட எடத்த இன்னொரு தடவ படிங்க. எங்க உம்மாவும் அப்படித்தான் தொடச்சிக்கிட்டு வந்தா."

'கவிஞர்' அட்டை குத்தாத ஓர் அம்மாள். மேலப்பாளையம், அஸீலா என்று பெயர். மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வந்தவர், மேனேஜர் சாப்பிடப் போயிருந்ததால் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார். கேட்ட இடத்தை மறுபடியும் படித்தேன் அத்தான். ஆனாலும் நடைமுறை என்று ஒன்று உண்டல்லவா, மைக்கிலேயே கேட்டேன், "அம்மா, நீங்க கவிதை எழுதுறதுண்டா?" என்று. "இல்ல சார், பீடி சுத்துதேன்" என்றார். கீழே இறங்கி, என் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, 'நான் கவிஞர் அல்ல, மேற்படி திருஞானசம்பந்தத்தை இதற்குமுன் அறியேன்' என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். தேதியும் போன் நம்பரும் அவரே போட்டார். பேச்சிராஜும் கிருபைராஜும் சாட்சி. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டேதான் போட்டார், என் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

நேற்று எல்லோருமாக வேனில் பாபநாசம் போய்க் குளித்தோம். கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஆளுக்கொரு கவிதை சொன்னார்கள், நான் அத்தனைக்கும் மறுமுறை கேட்டேன். என்னை எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். ரிட்டயர் ஆன பிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஆகவே நிபந்தனை முறைப்படி நிறைவேறியது, வாழ்நாள் முழுவதும் நான் எழுதலாம் என்பதைச் சாட்சி என்ற முறையில் தாங்கள் உலகம்மாளுக்கு எடுத்துச் சொல்லவும். அக்காவுக்கு வணக்கம். விஜயஸ்ரீ பரீட்சை நன்றாக எழுத மாமாவின் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
கவிஞர் திருஞானசம்பந்தம்.

பி.கு.: செவ்வாய்க்கிழமை காலை. உலகம்மாளிடம் எதையும் சொல்லவேண்டாம். நேற்றுச் சாயந்திரம் அஸீலா அம்மாள் வாட்ஸ்அப்பில் எட்டு வரி அனுப்பியிருந்தார். என்னுடையதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலேயே எழுதினாராம், ஆக சான்றில் போட்ட அதே தேதியில் அவரும் கவிஞர், சான்று செல்லாது. வேலை முடிந்து எத்தனை தடவை கழுவினாலும் கையைவிட்டுப் போகாத வாசனையைப் பற்றிய கவிதை. இரண்டு தடவை படித்தேன். பிறகு அடுக்களை வாசலில் நின்று, யார் எழுதியது என்று சொல்லாமல், சத்தமாகப் படித்தேன். உலகம்மாள் மிக்ஸியை நிறுத்தினாள். கல்யாணமான நாள்முதல் என் கவிதைக்கு அவள் எதையும் நிறுத்தியதில்லை. தன் விரல்களை ஒருதரம் முகர்ந்து பார்த்துக்கொண்டாள். "இதையெல்லாம் இத்தன வருசமா எங்கன ஒளிச்சு வச்சிருந்திய?" என்றாள். எழுதியது நானில்லை என்று இன்னும் அவளிடம் சொல்லவில்லை அத்தான்.