தோன் அபெலார்தோவின் நாற்காலிகள்

மறுநாள் சமாதானக் கூட்டத்துக்கு ஊரே வரப்போகிறது. ஊரில் இருந்ததோ ஆறு நாற்காலி. அதில் ஒன்றுக்கு மூன்றே கால்.

ஊர்த்தலைவர் எவாரிஸ்தோ தலையில் கை வைத்துக்கொண்டார். உள்நாட்டுச் சண்டை ஓய்ந்த பகுதி என்று ஒரே ஒரு ரோட்டுக்கு அரசாங்க நிதி வந்திருந்தது. அது ஊருக்கா, தோன் அபெலார்தோவின் பண்ணைக்கா என்று மக்களே கூட்டத்தில் பேசி முடிவெடுக்க வேண்டுமாம். ரோடு இல்லாமல் ஊராரின் மரவள்ளிக் கிழங்கு மழைதோறும் சேற்றில் அழுகியது.

"தோன் அபெலார்தோகிட்டயே நாற்காலி கேளுங்க," என்றாள் மனைவி எல்வீரா.

"நாம உயிருக்குப் பயந்து ஓடுனப்ப நம்ம நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்குனவன். அவன்கிட்டயா?"

"அப்ப நாளைக்கு வர்ற அதிகாரியம்மாவை உங்க மடியில உட்கார வச்சுக்கோங்க."

போனார். அபெலார்தோ சிரித்துக்கொண்டே கொடுத்தார். நாற்காலிகள் கழுதை மேல் வந்து இறங்கின.

பரப்பி வைத்த பிறகுதான் வெயில் உறைத்தது. மறுபடி போனார். பந்தல் துணி வந்தது. கட்ட வந்த பண்ணையாட்களுக்குச் சோறு போட்டதில் விருந்துக்கு வைத்திருந்த கோழிகள் தீர்ந்தன. மூன்றாவது முறை போனார். மாடே வந்தது.

"மானம் ஒண்ணுதான் நம்மளோடது போல," என்றாள் எல்வீரா.

"அதை முதல் தடவையே குடுத்துட்டு வந்துட்டேன்."

கூட்டத்தில் வெளியூர் விருந்தாளிகள் உட்கார்ந்தார்கள், ஊரார் நின்றார்கள். அழுகிய கிழங்கைப் பற்றி எவாரிஸ்தோ எடுத்துச் சொன்னார். ஊருக்கே ரோடு என்று எல்லாரும் கை தூக்கினார்கள்.

கர்த்தஹேனா நகரத்திலிருந்து வந்த அதிகாரி பவுலா நெகிழ்ந்துபோனார். "உள்ளூர்ப் பங்களிப்பு இருந்தாத்தான் ரோடுன்னு விதி. நாற்காலி, பந்தல், மாட்டுக்கறி சங்கோச்சோ குழம்பு… இவ்வளவு பங்களிப்பை நான் எங்கயும் பார்த்ததில்ல. ரோடு நிச்சயம்."

எவாரிஸ்தோ அழுதே விட்டார். ஊருக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து அவர் சந்தோஷத்தில் அழுதது அதுதான் முதல் தடவை.

கூட்டம் கலைந்தது. பவுலா பங்களிப்புத் தாளில் அபெலார்தோவின் கையெழுத்தை வாங்கி, அவர் கையைக் குலுக்கிவிட்டு ஜீப்பில் ஏறினார். பண்ணையாள் வில்மர் நாற்காலிகளைக் கழுதை மேல் அடுக்கினான்.

"இனிமே எங்க கிழங்கு அழுகாதுடா வில்மர்," என்றார் எவாரிஸ்தோ.

வில்மர் கயிற்றை இறுக்கினான். "மாடு குடுத்தவர் வாசலுக்குத்தான் ரோடாம், தலைவரே. அடுத்த கூட்டத்துக்குக் கழுதை வேண்டாம், நாற்காலியெல்லாம் லாரியிலயே வந்துரும்."