பெண் பார்க்க வந்தவர்களை நிமிர்ந்து நிற்க வைத்த விவரம்

ஹெப்பகோடி,
திங்கள் காலை

பாசமுள்ள மங்களம் அத்தைக்கு, சிந்து பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் உடம்பளவில் நலம். அங்கே நீங்கள், மாமா, புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டி எல்லோரும் நலம்தானே? நேற்று போனில் நீங்கள் "என்னடி பண்ணித் தொலைச்ச?" என்று கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால்தான் கடிதம்.

ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச் ஹாலில் நான் யோகா கற்றுக்கொள்வது உங்களுக்குத் தெரியும். "நம்ம வீட்டுல முதல்ல டிகிரி வாங்கினவ, போயும் போயும் நிக்கறதுக்கா கிளாஸ் போறே?" என்று கேட்டவரே நீங்கள்தான். எங்கள் லவினா மிஸ் முறையில் நிற்பதுதான் அத்தை கஷ்டம். பாதத்தில் எந்தப் பக்கம் எடை விழுகிறது, முட்டிச் சில்லு மேலே ஏறியிருக்கிறதா, தோள் போய்க் காதோடு ரகசியம் பேசுகிறதா என்றெல்லாம் பார்ப்பார். பெல்ட், மரக்கட்டை, மடித்த கம்பளி, நாற்காலி என்று எதையாவது கொடுத்து உடம்பை நேராக்குவார். எனக்குக் கண் நன்றாகப் பழகிவிட்டது, வாய்தான் திறக்கவில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் நான் பேசினால் எல்லோரும் அவரவர் ஹெட்போனைத் தட்டிப் பார்ப்பார்கள். மிஸ் ஒருநாள் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை புதுசா மூணு பேர் வர்றாங்க, நீ எடு. வாசல்ல நிக்கிற எனக்குக் கடைசி வரைக்கும் உன் குரல் கேக்கணும். கேட்டா அந்த கிளாஸ் உனக்கு. இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கறேன்." அந்த வகுப்பு எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்றால், வாரம் முழுக்க பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு "குதிகாலை அழுத்துங்க!" என்று கத்திப் பழகினேன். ரூம்மேட் அதிதி கதவைத் தட்டி, "உள்ள யாரும்மா?" என்றாள்.

ஞாயிறு சொன்னபடி மூன்று பேர் வந்தார்கள். பட்டுப்புடவையில் ஒரு அம்மா, வேட்டியில் ஒரு ஐயா, சட்டையை இன் பண்ணிய பையன், கையில் தட்டு, தட்டில் பூவும் பழமும். எங்கிருந்து என்றேன், ஓசூர் என்றார்கள். குருவுக்கு மரியாதை செய்யத் தெரிந்த ஊர் என்று நெகிழ்ந்து, தட்டை வாங்கி மரக்கட்டை அலமாரியில் வைத்தேன். "நாங்க சும்மா உக்காந்து பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்மா" என்றார் அந்த அம்மா. "பாத்தா ஒண்ணும் தெரியாதும்மா, நின்னாத்தான் தெரியும்" என்றேன். அவ்வளவுதான் அத்தை, எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது. ஐயாவைச் சுவரோரம் நிறுத்தினேன். அம்மாவைப் பட்டு கசங்காமல் நாற்காலியில் உட்கார வைத்து, இன்னொரு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து, "அடுத்த வாரம் சுடிதார்ல வாங்க" என்றேன். "இப்பவே சட்டம் போடுது பாருங்க" என்று அவர் ஐயாவிடம் சொன்னது கேட்டது, புரியவில்லை. பையனுக்கு வலது தோள் ஏறியே இருந்தது. "கம்ப்யூட்டர் வேலையா?" "ஆமாங்க." "தோளை இறக்குங்க." இறக்கினார், திரும்ப ஏறியது. பெல்ட்டைத் தோளோடு சுற்றி இழுத்துக் கட்டினேன். "வலிச்சா சொல்லணும், மனசுக்குள்ளயே வெச்சுக்கக் கூடாது." "சரிங்க" என்றார். ஏனோ அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடுவில் வேறு மூன்று பேர் பாயோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள்போல என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் சவாசனம். ஐயா குறட்டையே விட்டார். எழுந்ததும் அந்தம்மா என் கன்னத்தைத் தடவி, "போட்டோவைவிட நேர்ல லட்சணமாத்தான் இருக்கே. எங்க கவியரசனை உனக்குப் பிடிச்சிருக்கா?"ன்னாங்க பாருங்க! அப்பதான் அத்தை புரிஞ்சுது, நான் பயந்துடுவேன்னு எங்கிட்ட சொல்லாமலே நீங்க அனுப்பி வெச்ச மாப்பிள்ளை வீடு இவங்கதான்னு. பெஞ்சுல உக்காந்திருந்தவங்கதான் கிளாஸுக்கு வந்தவங்க. வந்த குரல் அப்படியே போச்சு. கம்பளி அடுக்கற ரூமுக்குள்ள ஓடிக் கதவைச் சாத்திக்கிட்டேன். "சிந்து, வெளிய வாம்மா, கடிக்க மாட்டாங்க"ன்னு மிஸ் தட்டறாங்க. அப்புறம் அவர் தட்டறார்: "ஏங்க, இந்தப் பெல்ட்டைக் கழட்டலாமாங்க?" நான் ஒரு கம்பளியை இழுத்துத் தலை வரைக்கும் போத்திக்கிட்டேன். மனுஷன் கழட்டாமலே ஓசூருக்குப் போயிருக்கார்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். கம்பளிக்குள் ஒளிகிறவள் யாருக்கும் எதுவும் சொல்லித்தர முடியாது. ஞாயிறு வகுப்பு வேண்டாமென்று மிஸ்ஸிடம் இன்றே சொல்லிவிடுவேன். ஓசூர்க்காரர்களிடம் நீங்களே மன்னிப்புக் கேட்டு, சம்பந்தப் பேச்சையும் அத்தோடு முடித்துவிடுங்கள்.

மாமாவுக்கு வணக்கம், ஆட்டுக்குட்டிக்கு என் அன்பு. இதைப் படித்துவிட்டுக் கூன் போட்டு உட்கார்ந்து அழாதீர்கள். அழுவதானாலும் முதுகு நேராக இருக்கட்டும்.

முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து குனிந்து உங்கள் கால் தொடும்,
சிந்து

பி.கு.: தபால்தலை ஒட்டுவதற்குள் இரண்டு போன். முதலில் மிஸ்: "வாசல் என்ன, ரோடு வரைக்கும் கேட்டுச்சு! பெஞ்சுல இருந்த மூணு பேரும் உங்கிட்டதான் கத்துக்குவாங்களாம்." அடுத்து ஓசூர் அம்மா: ராத்திரி இடுப்பு வலியே இல்லாமல் தூங்கினாராம், சுடிதார் தைக்கக் கொடுத்துவிட்டாராம், பெல்ட்டைத் திருப்பித் தர மகனும் கூட வருவானாம். அதனால் மேலே 'ஆகவே' என்று தொடங்கும் பத்தியை அடித்துவிடுங்கள். ஞாயிறு வகுப்பு என்னுடையது. சம்பந்தத்துக்கு நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வலது தோள் பெல்ட் இல்லாமல் தானாக இறங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று, போனை மகனிடம் கொடுக்கச் சொல்லி அவரிடமே சொல்லிவிட்டேன். போனில்தான் அத்தை. சத்தமாக.