நைனா உட்கார்ந்து பிடித்த கதவு

எனக்குச் சும்மா உட்கார வராது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டிவி பார்த்தால் கால் ஆடும். போன் பேசினால் வீட்டை நாலு சுற்று சுற்றுவேன். டாக்டருக்காகக் காத்திருந்தால், அங்கே கோணலாகத் தொங்கும் காலண்டரை எழுந்துபோய் நேராக்குவேன். (ஒருமுறை அது ஆணியோடு கையில் வந்துவிட்டது. அன்றைக்கு மருந்து வாங்காமலே வெளியே வந்தேன்.)

என் உத்தியோகத்தையும் சொல்லிவிட வேண்டும். கும்மிடிப்பூண்டியில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபிக்ஸர் வடிவமைக்கிறேன். இரும்பைக் கடையும்போதும் துளையிடும்போதும் அது இம்மியும் அசையாமல் பிடித்துக்கொள்கிற சாதனத்துக்குப் பெயர்தான் ஃபிக்ஸர். ஒரு பொருளை அசையாமல் பிடிப்பதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அப்படிப்பட்ட நான், என்னைப் பெண் பார்க்க வந்த நாளில், ஒரு மரக்கதவைப் பிடிக்கத் தெரியாமல் பட்ட பாடுதான் இது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வேப்பம்பட்டில் நானும் அம்மாவும் நைனாவும். திருவாலங்காட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. நைனாவின் தங்கை, என் அத்தை, பார்த்துக்கொடுத்த இடம். அத்தையே அவர்களை ரயிலில் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

ஐப்பசி மாதம். ஒரு வாரமாக மழை. ஈரத்தைக் குடித்துக் குடித்து எங்கள் பாத்ரூம் கதவு ஊதிவிட்டது. சாத்தினால் திறக்காது. முந்தின நாள் அம்மா உள்ளே மாட்டிக்கொண்டு, நைனா வெளியிலிருந்து தோளால் முட்டித்தான் அவளை மீட்டார். தெரிந்த ஆசாரிக்குப் போன் செய்தால், மழை விட்டதும் வருகிறேன் என்றார். வானத்தைப் பார்த்தால் அது பொங்கலுக்குத்தான் விடும்போலிருந்தது.

"அவங்க வந்து மாட்டிக்கினாங்கன்னா இன்னா பண்றது?" என்றேன்.

"சாத்தாம போங்கன்னு சொல்லிக்கலாம். நீ போய் தலை சீவு" என்றாள் அம்மா.

"பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, கதவ சாத்தாம போங்கன்னா சொல்லுவ?"

அம்மா ரவையை வறுக்கப் போய்விட்டாள். என்னிடம் ஒரு வழி இருந்தது. பரணில், மரத்தைச் சீவி மட்டமாக்கும் இழைப்புளி ஒன்று கிடந்தது. மரவேலை வீடியோக்களை மூன்று மாதம் ராப்பகலாகப் பார்த்துவிட்டு, ஆன்லைனில் வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தேன். (அதற்கு முன் கிட்டார். அதற்கும் முன் கேக் அச்சுகள். பரணில் என் ஆசைகள் வரிசையாகத் தூங்கின.) பத்தரைக்குத்தான் வருவார்கள். மணி எட்டு. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரம் பொம்மை மாதிரி உட்காருவதை நினைத்தாலே உடம்பெல்லாம் ஊறியது.

நைட்டியோடு திருப்புளியை எடுத்துக் கீல்களைக் கழற்றிக் கதவை ஹாலுக்குக் கொண்டுவந்தேன். அதுவரை எல்லாம் பிரமாதம். அப்புறம்தான் ஒரு சின்ன விஷயம் உறைத்தது. இழைக்க ஆசாரிக்கு ஒரு மேசை வேண்டும். அதில் பலகை முன்னால் ஓடாமலிருக்க ஒரு முட்டு வேண்டும், பக்கத்தில் சாயாமலிருக்க ஒரு பிடி வேண்டும். வீடியோக்களில் அந்த மேசை எப்போதும் இருந்தது. அதனாலேயே நான் அதைப் பார்க்கவில்லை.

முதலில் கதவைச் சுவரோரம் பக்கவாட்டில் நிற்கவைத்து மேல் விளிம்பில் இழைப்புளியைத் தள்ளினேன். இழைப்புளி நகரவில்லை, கதவுதான் நகர்ந்தது. டைல்ஸ் தரையில் கிரீச்சென்று கத்திக்கொண்டு ஹாலின் மறுகோடிவரை போயிற்று. சரி, எதிர்ச் சுவரே முட்டாக இருக்கட்டும் என்று அதில் இடித்து நிறுத்தினேன். இப்போது சீவல் வந்தது. சுருள் சுருளாக, வீடியோவில் வந்ததுபோலவே. ஆனால் கடைசி அரை அடியை இழைக்க முடியவில்லை, இழைப்புளி சுவரில் போய் முட்டியது. மூன்றாவது முட்டலில் சுவர்ப்பூச்சு பெயர்ந்து விழுந்தது. கதவும் சோபாமேல் சாய்ந்தது.

அந்த நேரம் பார்த்து அத்தை போன் செய்தாள்.

"ரயில் ஏறிட்டோம். மணவூர் தாண்டிட்ச்சி."

"பத்தரைன்னு சொன்ன?" நைனா கடிகாரத்தைப் பார்த்தார்.

"முன்னாடி ரயிலே கெடச்சிட்ச்சிண்ணா."

அடுத்து சாப்பாட்டு மேசை. கதவை அதன்மேல் படுக்கவைத்து, விளிம்பை மேசைக்கு வெளியே நீட்டி, மேலே இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை ஏற்றினேன். மேசையின் மேற்பரப்பு சன்மைக்கா. வழுக்குகிற பரப்பில் எதையும் வைத்துப் பிடிக்காதீர்கள் என்று கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவளே நான்தான். முதல் தள்ளலிலேயே அரிசி ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம்.

"நைனா, நீ ஏறி ஒக்காரு" என்றேன்.

நைனா எதற்கும் எதிர்த்துப் பேசாத மனிதர். எண்பது கிலோ. வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, நெற்றியில் விபூதி சகிதம் மேசைமேல் ஏறி, கதவுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் இழைத்தேன். கதவு அசையவில்லை. என் வாழ்நாளில் நான் வடிவமைத்த மிகச் சிறந்த ஃபிக்ஸர் அதுதான். ஒரே ஒரு குறை, அந்த ஃபிக்ஸருக்குப் போன் வந்தது.

போன் ஜன்னலில் இருந்தது. நான் முழு வேகத்தில் தள்ளிக்கொண்டிருந்தபோது நைனா அதை எடுக்க எழுந்தார். கதவு என்னோடு சேர்ந்து திரும்பியது. இழைப்புளி உள்ளே இறங்கி, கொய்யாப்பழத்தைக் கடித்த மாதிரி ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று.

"கடம்பத்தூராம்" என்றார் நைனா, மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டே.

பெயர்ந்த இடத்துக்குச் சமமாக மற்ற இடங்களை இறக்கினேன். திருவள்ளூர் என்று போன் வந்தது. இன்னொரு கடி. அதற்குச் சமமாக மறுபடி இறக்கினேன். புட்லூர். இன்னொன்று. வீட்டிலேயே முடி வெட்டிக்கொண்டவர்களுக்கு இந்த வேதனை புரியும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று போய்க் கடைசியில் காது மட்டும் மிஞ்சும்.

"போன கையிலயே வச்சிக்கோயேன் நைனா."

"நீ இழைக்கிற வேகத்துக்கு ரெண்டு கையாலயும் மேசைய புடிச்சிக்கினு கீறேன்மா. போன எங்க வச்சிக்க?"

அம்மா அடுப்பருகிலிருந்தே தலையை நீட்டி, "செவ்வாப்பேட்டை வந்துட்டா அடுத்தது நம்ம ஸ்டேஷன்தான்டி, கதவ மாட்டித் தொலை" என்றாள். அவள் கை தானாகவே கேசரியைக் கிளறிக்கொண்டிருந்தது.

மாட்டினேன். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் மேலே ஒரு விரல் இடைவெளி, கீழே இரண்டு விரல். தாழ்ப்பாள் துளையை எட்டவே இல்லை. அவசரத்தில் கீலை வேறு கோணலாக முடுக்கியிருந்தேன் போல. சாத்தினால், யாரோ கூப்பிட்டதுபோலக் கதவு மெல்லத் தானாகவே திறந்துகொண்டது.

திரை கட்ட அம்மா பழைய புடவையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நான் அறைக்குள் ஓடி, பத்து நிமிடத்தில் புடவையைச் சுற்றிக்கொண்டு காபித் தட்டோடு வந்தேன். மாப்பிள்ளை ஒல்லியாக, சிரிப்பை அடக்குவதுபோல ஒரு முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா சுற்றிப் பார்த்தார். சுவரில் பெயர்ந்த பூச்சு, தரையில் அரிசி, சோபாவுக்கடியில் மரச்சீவல். காபி குடித்தார். பிறகு எழுந்து, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று நைனாவிடம் கேட்டார்.

நைனா கையைக் காட்டிவிட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் போய்விட்டார்.

ஹாலில் எல்லார் காதும் அந்தப் பக்கமே இருந்தது. ஒருமுறை சாத்தும் சத்தம். கொஞ்ச நேரத்தில் கீல் முனகும் சத்தம். மறுபடி சாத்தும் சத்தம். மறுபடி முனகல். அதன்பின் உள்ளேயிருந்து கணீரென்று ஒரு அம்மன் பாட்டு கிளம்பியது. உள்ளே ஆள் இருக்கிறது, யாரும் வந்துவிடாதீர்கள் என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. அம்மா ஓடிப்போய் வெளியிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு நிற்கவில்லை. மூன்று சரணமும் பாடி முடித்துத்தான் அவர் வெளியே வந்தார். தரை அப்போதே பிளந்தால் இறங்கிவிடலாம் என்று நான் டைல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கதவு யாரு இழைச்சது?" என்று கேட்டார்.

"ஆசாரி" என்றாள் அம்மா.

"நான்" என்றேன் நான், அதே நேரத்தில்.

மாப்பிள்ளை எழுந்துபோய்க் கதவின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"பலகைய எதுலங்க புடிச்சீங்க?"

"எங்க நைனா ஒக்காந்திருந்தாரு."

"நான் நடுநடுல போன் எடுக்க எந்திரிச்சிட்டேன்பா" என்றார் நைனா, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி. அத்தை உடனே தன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளையால் அடக்க முடியவில்லை. சிரித்தார். "மல்லிப்பூ நடுவுல மரச்சீவலு கீதுங்க" என்று என் தலையைக் காட்டினார். நான் எடுக்கப்போய்ப் பூ மொத்தமும் கையோடு வந்துவிட்டது.

ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பது எல்லாருக்கும் தெரியும். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கம்பெனியில் அந்த வாரம் நான் போட்ட வரைபடங்களில் எல்லாம் தேவைக்கு மேல் ஒரு முட்டு இருந்ததாக மேலாளர் கேட்டார். வேண்டாம் என்று சொல்வதானால் சீக்கிரம் சொல்லித் தொலைக்கலாமே என்று வீட்டுக்கும் மொட்டைமாடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

ஆறாம் நாள் மாப்பிள்ளையின் அம்மாவே போன் செய்தார். "பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு. பொய் சொல்ல வர்லியே அதுக்கு, அது போதும். ஆனா ஒண்ணு, எங்க ஊட்டு கதவு எதையும் அது தொடக் கூடாது."

பதின்மூன்று வருடமாக நான் தொடவில்லை.

வேப்பம்பட்டு வீட்டில் அந்தக் கதவு இன்னும் நான்கு வருடம் அப்படியேதான் இருந்தது. உள்ளே போகிறவர்கள் எல்லாரும், என் மாமியார் காட்டிய வழியில், பாடிக்கொண்டே போனார்கள். பாட்டே வராத நைனாகூட ரயில் நிலையங்களின் பெயர்களை ராகம் போட்டு இழுப்பார். அதன்பிறகு பிளாஸ்டிக் கதவும் நல்ல தாழ்ப்பாளும் வந்துவிட்டன. பழக்கம் போகவில்லை. திருவாலங்காட்டிலும் பாடுகிறார்கள்.

போன மாதம் மகளின் பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிட்டார். பாத்ரூமுக்குப் போனால் சத்தம்போட்டுப் பாடுகிறாளாம், பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்கிறதாம்.

"எங்க ஸ்கூல்ல கதவெல்லாம் நல்லாத்தாங்க சாத்துது" என்றார் டீச்சர் பாவமாக.

சொல்லிவைக்கிறேன் மேடம் என்று போனை வைத்தேன். அப்போது எங்கள் பாத்ரூமிலிருந்து என் கணவரின் குரல் இரண்டாம் சரணத்துக்குப் போயிருந்தது.