எனக்காக உபவாசம் இருக்கும் மச்சானுக்கு

உதியன்குளங்கரை,
செவ்வாய்க்கிழமை

கிறிஸ்துவுக்குள் மிகவும் பிரியமானவரும், என் மனைவியின் மூத்த சகோதரனும், எங்கள் இரு வீட்டுக்கும் ஜெபத்தூணுமாகிய செல்லையன் மச்சான் அவர்களுக்கு, பெயிண்ட் கடை ஈசாக் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் விமலகுமாரியும் கர்த்தரின் தயவால் சுகம். அவளுடைய மூட்டு மட்டும் அந்தத் தயவுக்குக் காத்திருக்கிறது. திருச்சூரில் தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் மாதந்தோறும் பார்சலில் அனுப்பிக்கொண்டிருந்த வாயு மருந்து கிறிஸ்துமஸோடு நின்றுவிட்டது. குறையாகச் சொல்லவில்லை, அது இல்லாமலே வயிறு ஏதோ சமாளிக்கிறது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் விமலா கேட்பாள். வாட்ஸ்ஆப்பில் எழுதினால் என் விரல் தப்பான இடத்தில்தான் போய் விழும். என் வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டை டாக்டருக்கு என்று நினைத்துப் பாடகர் குழு குரூப்பில் போட்டு, அத்தனை பேரும் ஆமென் போட்டது தாங்கள் அறிந்ததே. ஆகவே தபால். விஷயம் ஒன்றுதான். எனக்காகத் தாங்கள் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருப்பதாக விமலா சொன்னாள். தங்கள் சர்க்கரைக்கு அது ஆகாது. தயவுசெய்து காலையில் இரண்டு தோசையாவது சாப்பிடுங்கள். நான் குடிகாரன் அல்ல மச்சான். இப்போதும் அல்ல, முன்னும் அல்ல. ஒரு துளி இந்த நாக்கில் பட்டதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பெண்கள் ஐக்கிய சங்க ஆண்டு விழாவில் சாட்சி வேளை என்று ஒன்று உண்டு. சாட்சிக்கு நம் சபையில் ஒரு அமைப்பும் உண்டு: முன்னால் இருட்டு, நடுவில் ஜெபம், பிறகு வெளிச்சம். நாலு தலைமுறையாக மிஷன் சபையில் பிறந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதைத் தேய்த்ததைத் தவிர வேறு பாவம் செய்ய வசதிப்படாத நம்மைப் போன்றவர்களுக்கு முன்னால் இருட்டே கிடையாது. கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். அன்றைக்கு விமலாவுக்கு முன்னால் எழும்பியவள் தையல்கடை ஜீனா. அவளுடைய சிறுநீரகக் கல் ஸ்கேனில் காணாமல் போன கதைக்கு ஹால் முழுவதும் ஸ்தோத்திரம் முழங்கியது. அடுத்தது விமலா. இவள் கையில் இருந்தது மூட்டுவலி ஒன்றுதான், அதுவும் இன்னும் போகவில்லை. என்ன செய்வாள், என்னை எடுத்துப் போட்டாள்.

"எனக்க வீட்டுக்காரரு ராத்திரி எந்நேரம் வருவாருன்னு சொல்ல ஒக்காது" என்று தொடங்கினாள். விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. "வந்தாலும் நேரா நடக்கமாட்டாரு. செவரைப் பிடிச்சாக்கும் உள்ள வருவாரு. சோறு வேண்டாம்னு போய்க் கவுந்து கிடப்பாரு. ஒரு நாளு புட்டுக்குற்றியைத் தூக்கி எறிஞ்சாரு." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஸ்தோத்திரம் ஏறிக்கொண்டே போனதாம். பின்வரிசையில் யாரோ அழத் தொடங்கினார்களாம். அழுகையைக் கேட்டு இவளுக்கும் அழுகை வந்துவிட்டது. "கிறிஸ்துமஸ் களிஞ்சதில இருந்து மனுஷன் நேரத்தோட வாறாரு, நேரா நடக்காரு, சோறு திங்காரு. கர்த்தர் செய்ததாக்கும்!"

மச்சான், இதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் கொடுமை. நான் நேரம் கழித்து வந்தது சபைக் கமிட்டிக் கூட்டத்திலிருந்து. கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெள்ளையா மஞ்சளா என்று மாதக்கணக்கில் பேசிய கமிட்டி அது. சுவரைப் பிடித்தது தலைசுற்றல். கவிழ்ந்து கிடந்தது வாயு. புட்டு அவிக்கும் அந்தக் குற்றி கை தவறியது. கிறிஸ்துமஸ் கழிந்து நான் திருந்தியதற்குக் காரணம், கமிட்டித் தேர்தலில் தோற்றது. குடி என்ற சொல்லை விமலா உச்சரிக்கவே இல்லை. அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களே நிரப்பிக்கொண்டார்கள். சபை யூடியூபில் அதற்கு ஒரு தலைப்பும் போட்டார்கள்: 'குடிகாரக் கணவனை மீட்ட கண்ணீர்'. அதைத்தான் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

மறுநாள் முதல் என் மதிப்பு ஏறத் தொடங்கியது. கெட்டுப்போய்த் திரும்பி வந்த இளைய மகனுக்குக் கொழுத்த கன்றை அடித்த கதை தெரியுமே. வீட்டோடு கிடந்து உழைத்த மூத்தவனுக்கு ஒரு ஆட்டுக்குட்டி கிடையாது. ஓய்வுநாள் பள்ளியில் அந்த மூத்தவனைப் பொறாமைக்காரன் என்று திட்டித்தான் நான் பாடம் நடத்துவேன். இத்தனை வருஷம் சபை அசன விருந்தில் வாளி தூக்கிக் குழம்பு விளம்பியவன் நான். என் இலையை ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. இந்த வருஷம் என்னைப் பிடித்து உட்கார்த்தி, "அண்ணனுக்கு எறச்சி போடுங்க, பாவம், எங்கயெல்லாமோ போய்த் திரும்பி வந்த மனுஷன்" என்றார்கள். நான் மறுக்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டபோதும் இலையை நீட்டினேன்.

பக்கத்து வீட்டு நமச்சிவாயம் அண்ணன், வில்லேஜ் ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆனவர், மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார். "எலே ஈசாக்கே, இத்தனை வருஷம் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து குடிச்சிருக்கே. ஒரு நாளாவது அண்ணனுக்கு ஒரு துளி வேணுமான்னு கேட்டியாலே?"

"அண்ணே, நான் குடிக்கல்ல."

"அதாக்கும் எனக்கு வெஷமம். குடிச்சதும் பறயல்ல, நிறுத்தினதும் பறயல்ல. இதுவா அயல்வாசம்?"

இத்தோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஷிஜு வந்தான். என் கடையில் சாமான் எடுக்கும் பெயிண்டர். சபையில் கடைசி வரிசை. சுவருக்கு அடிக்கும் கை சுத்தம், மற்றதெல்லாம் குடி. அவன் மனைவி ஷாலு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளத்தூரில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு சாயங்காலம் வந்து கவுண்டரில் கையை ஊன்றி நின்றான். கை நடுங்கியது.

"மாமா, அந்த நேரம் வரும்போ உங்களுக்கு எப்பிடி இருந்து?"

"எந்த நேரம் மக்கா?"

"வேல முடிஞ்சு கை களுவுற நேரம். பிவரேஜ் பிராந்திக்கடை வரிசை கண்ணுக்குள்ள வாற நேரம்."

நான் குடித்ததே இல்லை, வேறு ஆளைப் பார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வாயிலிருந்து வேறு வந்தது. "கட்டன் சாயா குடிப்பேன்" என்றேன். எதிர் டீக்கடையிலிருந்து பாலில்லாமல் இரண்டு கட்டன் வந்தது. மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். வரும்போதெல்லாம் ஒரு கேள்வி. கேள்விக்கு ஒரு பொய். எதில் ஊற்றிக் குடித்தீர்கள் என்று கேட்டான். எனக்குத் தெரிந்தது வாயு மருந்து குடிக்கும் முறை ஒன்றுதான், அதையே சொன்னேன்: எவர்சில்வர் டம்ளர், இளஞ்சூடு, மேலே கொஞ்சம் தேன். அவன் மிகவும் பவ்யமாகத் தலையாட்டினான். கடை அடைக்கும்வரை உட்கார்ந்து ஷேடு கார்டுகளை நிறம் பார்த்து அடுக்கிவிட்டு நேராக வீட்டுக்குப் போவான். வாரங்கள் போயின. கை நடுக்கம் குறைந்தது.

அப்போதுதான் ஜங்ஷனில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். சபைக் கன்வென்ஷன் கடைசி நாள், சகோதரர் ஈசாக்கின் மீட்பின் சாட்சி. என் படத்தை யாருடைய கல்யாண ஆல்பத்திலிருந்தோ வெட்டி எடுத்திருக்கிறார்கள். பிளாஷ் அடித்ததில் கண் இரண்டும் சிவப்பு. பார்த்தவர்களுக்கு வேறு ஆதாரம் வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் ஷிஜு சொன்னான்: "மாமா, நீங்க பறஞ்ச பொறவு நானும் எழும்பிப் பேசுவேன். ஷாலுவை வரச் சொல்லியிருக்கேன்."

மேடையில் பொய் சொன்னால் கர்த்தருக்கு முன் நான் தீர்ந்தேன். உண்மை சொன்னால் ஷிஜு தீர்ந்தான். விமலாவிடம் கேட்டேன்.

"நான் உள்ளதைச் சொல்லப்போறேன் விமலா."

"அப்ப நான் பொய்ச்சாட்சிக்காரியா?"

"பத்துக் கட்டளையில ஒன்பதாம் கற்பனை என்ன சொல்லுது?"

"பிறனுக்கு விரோதமா பொய்ச்சாட்சி சொல்லப்பிடாதுன்னு. நீங்க பிறனா? என்னைக் கெட்டினவரு. நான் விரோதமாவா சொன்னேன்? உங்களுக்கு எறச்சி கிட்டும்படியால்லா சொன்னேன்! பொய்யும் அதுல எங்க இருக்கு, காட்டுங்க."

பத்துக் கற்பனைகளையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். விமலா நுழைந்து போக எல்லாவற்றிலும் இடம் இருந்தது.

கடைசியில் என்னைத் தீர்மானிக்க வைத்தது வேதம் அல்ல, தொழில். ஷிஜு என் பொய்யைச் சாரமாகக் கட்டி அதன்மேல் ஏறி நிற்கிறான். சாரத்து மரம் உளுத்தது என்று தெரிந்தும் பெயிண்டரிடம் சொல்லாமல் இருக்கலாமா? மேடை ஏறினேன். முன்வரிசையில் ஷிஜு, தேய்த்த சட்டை, நகத்தில் மட்டும் பச்சைப் பெயிண்ட். பெண்கள் பக்கம் கடைசியில் ஷாலு, இடுப்பில் பிள்ளை. மைக்கைப் பிடித்து, நான் வாழ்நாளில் ஒரு துளி குடித்ததில்லை, கமிட்டிக்குப் போனேன், தலை சுற்றியது, தேர்தலில் தோற்றேன், இவ்வளவுதான் என் மீட்பு என்று சொல்லிவிட்டேன். உடனே முன்னாலிருந்து ஒருவர் "ஸ்தோத்திரம்! என்ன தாழ்மை!" என்றார். இன்னொருவர், "குடிச்சவன் எவனும் குடிச்சேன்னு பறயமாட்டான்" என்றார். போதகர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்து, சகோதரன் தன் பழைய வாழ்க்கையை அறிக்கையிடப் பெலன் தாரும் என்று நீண்ட ஜெபம் செய்தார். சபையார் ஆமென் சொன்னார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் ஷிஜுவின் நாற்காலி காலி.

பந்தலுக்குப் பின்னால் ஓடினேன். அவன் மூங்கில் கம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சிரிக்காதலே. நான் உன்னை ஏமாத்திட்டேன்."

"ஏமாத்துனீரா? மொதல் வாரமே எனக்குத் தெரியும் மாமா. தேன் விட்டு எவனாவது பிராந்தி குடிப்பானா?"

"பின்ன எதுக்குலே தெனமும் வந்தே?"

"இன்னைக்கு என்ன புளுகு விடுவீருன்னு கேக்க. சீரியலு மாதிரியாக்கும். நீங்க பறஞ்சு முடிக்கும்போ பிவரேஜும் பூட்டியிருக்கும்."

"அப்ப இனி?"

"இனி என்னத்துக்கு வர? நீங்கதான் உண்மையைப் பறஞ்சு எல்லாத்தையும் கெடுத்தீரே."

"நீ வாலே. கமிட்டிக் கூட்டத்துல நடந்ததெல்லாம் சொல்லித் தாறேன்."

"அதைக் கேட்டா குடிக்கத் தோணும் மாமா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். மைக் அருகே நின்று, "நான் ஷிஜு. குடிச்சேன். கொஞ்ச நாளா குடிக்கல்ல. நாளைக்கு எப்பிடின்னு தெரியாது" என்று சொல்லிவிட்டு இறங்கினான். எங்கே ஸ்தோத்திரம் சொல்வது என்று தெரியாமல் சபையார் விழித்தார்கள். நான் கேட்ட சாட்சிகளில் சபையை அப்படி விழிக்கவைத்தது அது ஒன்றுதான். முழுவதும் உண்மையாக இருந்ததும் அதுதான் என்று எனக்குப் பட்டது. பட்டதைப் போதகரிடம் சொல்லவில்லை. நான்தான் கமிட்டியில் இல்லையே. ஷாலு அழவில்லை. பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அவன் வீட்டைப் பெருக்கிவிட்டுப் போனாளாம். பெட்டி கொண்டுவரவில்லை.

ஆகவே மச்சான், தங்கள் மைத்துனனின் பாவக் கணக்கில் பொய்கள் உண்டு, இறைச்சி உண்டு; குடி மட்டும் இல்லை. தோசை சாப்பிடுங்கள். அக்காவுக்கு எங்கள் அன்பு. உங்கள் வீட்டு வாசலும் அடுக்களையும் கர்த்தரின் சமாதானத்தால் நிறைந்திருக்கட்டும்.

என்றும் தெளிவாக இருந்தவனும் இருப்பவனுமாகிய,
மைத்துனன் ஈசாக்

பி.கு.: கவரை ஒட்டும் முன் ஒரு சிறு விஷயம். சற்றுமுன் நமச்சிவாயம் அண்ணன் தன் வீட்டு இரும்பு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க டர்பன்டைன் வாங்க வந்தார். தாங்கள் அனுப்பிய வாயு மருந்தின் காலிக் குப்பிகளில்தான் நான் அதை ஊற்றிக் கொடுப்பது. ஆபீஸில் இருந்த மனுஷன், எழுத்து எங்கே கண்டாலும் படிப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லேபிளின் அடியில் இருந்த பொடி எழுத்தை வாசித்தார்: அரிஷ்டம், தானாக ஊறிய ஆல்கஹால் அடங்கியது, வேளைக்கு இரண்டு ஸ்பூன். "நீ எவ்வளவுலே குடிப்பே?" என்றார். "எனக்கு வாயு கூடுதல் அண்ணே. ஒரு டம்ளர்" என்றேன். "தெனமுமா?" "கமிட்டி உள்ள நாளு, போறதுக்கு முன்ன ஒண்ணு, பொறவு ஒண்ணு." அண்ணன் குப்பியைக் கவுண்டரில் மெதுவாக வைத்தார். "எலே ஈசாக்கே, அப்பவும் எனக்கு ஒரு துளி தரல்லியேலே!" சுவர், தலைசுற்றல், கவிழ்ந்த கிடப்பு, புட்டுக்குற்றி, கிறிஸ்துமஸோடு நின்ற பார்சல் எல்லாம் அந்தக் கவுண்டரில் வரிசையாக வந்து நின்றன. ஆகவே உபவாசத்தைத் தொடரவும். மருந்து அனுப்ப வேண்டாம். ஊற்றிக் கொடுத்த கை என்ற முறையில் ஒரு வெள்ளிக்கிழமையாவது தங்களுக்காகவும் இருந்துகொள்ளவும். விமலாவிடம் மூச்சு விடவேண்டாம். அடுத்த மாதப் பெண்கள் கூட்டத்திலும் சாட்சி வேளை உண்டு. இனி என்னத்துக்கு வர என்று கேட்ட ஷிஜு இன்னும் கடைக்கு வருகிறான், அவன் வரும் நேரம் ஆகிவிட்டது. வாயைத் திறந்தால் அவனுக்குச் சொல்ல இன்றைக்கு என்னிடம் ஒரு உண்மை இருக்கிறது. அவன் நம்பப் போவதில்லை, ஆனால் கடை அடைக்கும்வரை இருந்து கேட்பான்.