யூரியா தொட்டி

"ஊத்துன தண்ணி எங்கடி?"

"உள்ள போயிடுச்சு," கொசு எட்டிப் பார்த்தா.

"உள்ள போகக் கூடாதுடி. இது யூரியா தொட்டி."

ஸ்பீக்கர் காலிக் குடத்தக் கவுத்துப் பார்த்தா. ஒன்பதாங்கிளாஸ்ல, ஸ்கூல் முழுக்கக் கேக்கற அவ தொண்டைக்கு வெச்ச பேரு அது; கூடவே சுத்தற தோழிக்கு வெச்சது கொசு. அந்தத் தொண்டைய நம்பித்தான் மூணாங்கிளாஸ் பசங்களுக்கு மண்ணப் பத்திப் பாடம் எடுக்கற வேலைய அவகிட்ட விட்டிருந்தாங்க. ஆறு வாரம், ரெண்டு தொட்டி. ஒண்ணுல மண்ணும் யூரியாவும் மட்டும். இன்னொண்ணுல காஞ்ச இலை, காய்த்தோலு, மண்புழு. தினம் தண்ணி ஊத்தறது பசங்க பொறுப்பு. யூரியா மண்ணு இறுகிப்போய் தண்ணிய வெளிய தள்ளணும், புழு மண்ணு குடிக்கணும். அத இன்னிக்குப் பதினோரு மணிக்கு ஹெட்மாஸ்டர் பார்த்துட்டா ஸ்கூலுக்குப் பின்னாடி இருக்கற பசங்க தோட்டம் பொழைக்கும். இல்லேன்னா அங்க சிமெண்ட் போட்டு சைக்கிள் ஸ்டாண்டு.

மணி பத்தே முக்கால். யூரியா தொட்டி ஒரு குடம் தண்ணியக் குடிச்சுட்டு, இன்னும் இருக்கான்னு கேக்கற மாதிரி உக்காந்திருந்துச்சு.

"மிதிச்சு இறுக்கிடு," கொசு யோசனை சொன்னா.

ஸ்பீக்கர் செருப்பக் கழட்டிட்டு ஏறி மிதிச்சா. மண்ணு மெத்தை மாதிரி அமுங்கி, காலெடுத்ததும் மேல வந்துச்சு. விரல் சந்துல என்னமோ நெளிஞ்சுது.

"அசையாத. புழு."

"புழு தொட்டி அந்தப் பக்கம் இருக்குடி."

"அது அதுக்குத் தெரியல போல."

பயத்துல இன்னும் பலமா மிதிச்சா. அதிர்வுக்கு, மழைதான் வருதுன்னு நெனச்சுதுங்களோ என்னவோ, ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு இருபதாகி, மண்ணே எழுந்து நடக்கற மாதிரி வந்துச்சுங்க. ஈரமா, செவப்பா, வெயில்ல மினுமினுன்னு. காலுக்குக் கீழ இவ்வளவு உயிரா? ஒரு நிமிஷம் அவளுக்கு ஹெட்மாஸ்டரே மறந்து போனாரு.

அப்புறம் ஞாபகம் வந்துச்சு. அள்ளி அள்ளி டிபன் டப்பாவுல போட்டா. மூடறதுக்குள்ள ஹெட்மாஸ்டர் வந்துட்டாரு, பின்னாடி மூணாங்கிளாஸ் வரிசையா.

"டப்பாவுல என்னம்மா?"

"சாப்பாடு சார்."

"நகருதே."

"ஃப்ரெஷ்ஷா இருக்கு சார்," கொசு முந்திக்கிட்டா.

அவரே குடத்த வாங்கி ரெண்டு தொட்டிலயும் ஊத்துனாரு. ரெண்டும் சத்தமில்லாம குடிச்சிடுச்சு.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? ஆறு வாரமா என்னத்தச் சொல்லிக் குடுத்த?"

தோட்டத்துல, சிமெண்ட் போட வந்திருந்த மேஸ்திரி அளக்கற டேப்ப நீட்ட ஆரம்பிச்சாரு. ஸ்பீக்கர் டப்பாவ முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சா.

பசங்க யாரும் சிரிக்கல. ஒருத்தர ஒருத்தர் இடிச்சுக்கிட்டாங்க. கடைசில முன்பல்லு விழுந்த பொண்ணு கையத் தூக்குனா.

"சார், அக்காவத் திட்டாதீங்க. மொத நாளே அக்கா சொன்னாங்க, இந்தத் தொட்டி மண்ணு கொஞ்சம் கொஞ்சமா செத்துடும், நாம பார்த்துக்கிட்டே இருக்கணும்னு. எங்களால பார்த்துக்கிட்டு இருக்க முடியல. அதான் முறை வெச்சு, தினம் ஒருத்தர் புழு கொண்டாந்து விட்டோம். இலையும் தோலும் அடில புதைச்சோம். அக்காவுக்குத் தெரியாம."

ஹெட்மாஸ்டர் குந்தி உக்காந்து தொட்டிக்குள்ள கைய விட்டாரு. முழங்கை வரைக்கும் போச்சு. ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தாரு. ரொம்ப நேரம் அந்தக் கைய அவர் கீழ எறக்கவே இல்ல. மேஸ்திரி டேப்பு தானா சுருண்டு உள்ள போச்சு.

பல்லு விழுந்தவ ஸ்பீக்கரோட பாவாடைய இழுத்தா.

"அக்கா, சிமெண்ட் போட்டுட்டா, அதுக்கு எத்தன புழு வேணும்?"