எஃப் என்றால் பர்ஸ்ட்டு

பொய் சொல்வதென்றால் அதை நம்பாதவர்களிடம்தான் சொல்ல வேண்டும். சொன்ன இடத்திலேயே செத்துப்போகும். நம்புகிறவரிடம் சொன்னால், அவர் அதைத் தூக்கிக்கொண்டு பதுளை வரைக்கும் வந்துவிடுவார். எனக்கு அப்படி வந்தவர் என் அப்பா.

எழுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், பூனாகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்தில், பத்தாம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். (குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆளும் நான்தான். அதுவரை எல்லோரும் கைநாட்டு.) பெறுபேறு வந்தது. நாலு எஸ், அதாவது சாதாரணத் தேர்ச்சி. விஞ்ஞானம் உட்பட மற்றதெல்லாம் எஃப், பெயில்.

அப்பா தாளை வெளிச்சத்தில் பிடித்து, "இந்த எழுத்தெல்லாம் என்னாப்பா?" என்றார்.

"எஸ்ஸுன்னா சிறப்பு."

"இது?"

"எஃப்பு. பர்ஸ்ட்டு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. மறுநாள் காலை பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில், அப்பா அதை மொத்தத் தோட்டத்துக்கும் அறிவித்தார். கணக்கப்பிள்ளை மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு "அப்படியா" என்றார். அவரும் நம்பிவிட்டார் என்று நினைத்தேன். (எனக்கு ஏன் அத்தனை எஃப் விழுந்தது என்று இப்போது விளங்கியிருக்கும்.)

அந்த மாதம் டிஸ்பென்சர் பயிற்சிக்கு, ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கப் பழக, ஆள் எடுப்பதாகப் பத்திரிகையில் வந்தது. இடம் இரண்டே இரண்டு. விஞ்ஞானத்தில் கட்டாயம் தேறியிருக்க வேண்டுமாம். அந்த வரியை நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. விண்ணப்பத்தில் பெறுபேறு கேட்ட இடத்தில் 'இணைப்பைப் பார்க்கவும்' என்று எழுதி, இணைப்பை வைக்காமலே அனுப்பினேன். பதுளை ஆஸ்பத்திரிக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"நீ ஆஸ்பத்திரியில சேந்துட்டா, ஒங்கம்மா கொழுந்துக் கூடையை எறக்கி வச்சிரலாம்" என்றார் அப்பா. அன்று வேலைக்குப் போகாமல், கல்யாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். பதுளை வரைக்கும் பக்கத்து சீட்டுக்காரருக்கு என் எஃப்களை எண்ணிச் சொன்னார்.

உள்ளே நேர்முகம் நடத்த யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் இருந்தார். என் தாளை வாங்கிப் பார்த்தவர், விஞ்ஞானத்துக்கு வந்ததும் நிறுத்தி, "இதென்ன தம்பி?" என்றார். நான் மேசைக் காலைப் பார்த்தேன். கதவோரம் நின்ற அப்பா பொறுக்க முடியாமல் உள்ளேயே வந்துவிட்டார்.

"பயந்தவனுங்க, வாய் தொறக்க மாட்டான். விஞ்ஞானத்துல அவன் பர்ஸ்ட்டுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். என்னை மட்டும் பார்த்தார்.

"தம்பி, எஃப் எண்டா என்ன எண்டு அப்பாவுக்கு நீரே சொல்லும்."

சொன்னேன். ஒரே சொல்தான். அதைச் சொல்ல எனக்கு ஒரு பரீட்சை எழுதும் நேரம் பிடித்தது.

அப்பா தாளைப் பார்த்தார். "அப்ப அந்த எஸ்ஸுங்க?"

"அது பாஸ்தான். சும்மா பாஸ்."

அப்பா தாளை வாங்கி, மடித்து, கோட்டுப் பையில் வைத்தார். பிறகு டாக்டரைக் கும்பிட்டார். "மன்னிச்சுக்கங்க. நான் இதைப் பெரட்டுல வேற சொல்லிட்டேன்."

நான் பெயிலானதை என்றைக்கோ மறந்திருப்பேன். அந்தக் கும்பிடுதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது. மறுநாள் பெரட்டில் அப்பாவே முன்னால் வந்து நின்று, "அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க. எஃப்புன்னா பெயிலு" என்றாராம். கணக்கப்பிள்ளை அன்றும் "அப்படியா" என்றாராம்.

இரண்டு முறை திரும்ப எழுதி விஞ்ஞானத்தில் ஒரு எஸ் வாங்கினேன். டிஸ்பென்சர் ஆகவில்லை. தோட்ட மருந்துச்சாலையில் புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலை கிடைத்தது. அம்மா கூடையை இறக்கி வைக்க அதற்குப் பிறகும் ஆறு வருஷம் ஆனது. அன்றிலிருந்து வீட்டில் ரேடியோ பழுதானாலும் "பர்ஸ்ட்டு", சோறு அடிப்பிடித்தாலும் "பர்ஸ்ட்டு".

போன தவணை என் மகள் பள்ளிக்கூட ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தாள். அப்பாவுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு எழுத்து மட்டும் நன்றாகத் தெரியும். தாளை வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழாகத் தேடினார். கிடைக்கவில்லை.

"ஒண்ணுகூட இல்லையேம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, என்னைக் காட்டினார். "இந்த வீட்டுல இன்னும் ஒங்கப்பன்தான் பர்ஸ்ட்டு."