ரெண்டுகத்தி அண்ணனின் தீராத வழக்கு

முடிவெடுக்கத் தெரியாதவர்களுக்கென்று ஒரு நாடு இருந்திருந்தால், அதற்கு எங்கள் ரெண்டுகத்தி அண்ணன்தான் ராஜா. முடிசூட்டு விழா மட்டும் நடந்திருக்காது. எந்தக் கிரீடம் எடுப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதிலேயே அவர் ஆயுள் கழிந்திருக்கும்.

போடியிலிருந்து மலைமேல் இருக்கிற மெட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவர் அவர். சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. இடுப்பில் அகலமான பச்சை பெல்ட். அதில் இடப்பக்கம் ஓர் உறை, வலப்பக்கம் ஓர் உறை, இரண்டிலும் கத்தி. புதிதாக வண்டியேறுகிறவர்கள் பார்த்து மிரள்வார்கள். மிரளத் தேவையே இல்லை. கயிறு அறுக்க, சாக்குத் தையல் பிரிக்க, வழியில் கொய்யாப்பழம் நறுக்க அன்றாடம் ஒரு கத்தி வேண்டும் அவருக்கு. ஒன்றே ஒன்று போதும். அது எது என்பதுதான் வழக்கு.

ஏதோ ஒரு சந்தையில் தொடங்கியதாம் இது. கடைக்காரர் இரண்டு கத்திகளை எடுத்துப் போட்டிருக்கிறார். ஒன்று முலாம் பூசியது, முகம் பார்க்கலாம் போல மினுமினுத்தது. இன்னொன்று பூச்சில்லாத வெறும் இரும்பு. "மலைக் குளிருக்கு எது தாங்கும்?" என்று அண்ணன் கேட்க, அந்தப் பாவி மனிதர் "ரெண்டும் தாங்கும்" என்று சொல்லிவிட்டார். "அப்ப ரெண்டையும் கொண்டா. பழகிப் பார்த்துட்டு ஒண்ணை வச்சுக்கிறேன்" என்று வாங்கி வந்தவர், நான் பார்க்கிற காலத்திலும் பழகிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பூச்சுக் கத்திக்குச் சீமாட்டி என்று பெயர். வெறும் கத்திக்குக் கருப்பாயி.

நான் போடியில் பள்ளிக்கூட டீச்சர். என் வீட்டுக்காரருக்கு மெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை வேலை. எழுபதுகளின் கடைசியிலிருந்து போன வருடம் வரை, சனிக்கிழமை பள்ளி விட்டதும் மகள் கலாவை இழுத்துக்கொண்டு அண்ணனின் ஜீப்பில் ஏறிவிடுவேன். மலையடிவாரத்து முந்தல் தாண்டியதும் மேகம் வண்டிக்குள் வந்து எங்களோடு உட்கார்ந்துகொள்ளும். எங்கிருந்தோ ஏலக்காய் உலர்த்துகிற புகைவாசம் இறங்கி வரும். ஒவ்வொரு வளைவிலும் தலை ஒரு பக்கமாகச் சாய, விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று தெரியாது. அந்த மயக்கத்தின் நடுவே முன்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்கும்.

"டீச்சர், எலுமிச்சம்பழம் அறுத்தா கருப்பாயி கறுத்துப் போறா. பழத்துல இரும்பு ருசி வருது. சீமாட்டின்னா ருசியே மாறல. ஆனா பாருங்க..."

இந்த 'ஆனா பாருங்க'வுக்குப் பிறகு நாலு வளைவு போய்விடும். ஒருமுறை சீமாட்டியைக் கல்லில் தீட்டியபோது விளிம்பில் நகமளவு பூச்சு உரிந்து வந்துவிட்டது. சோகம் என்றால் அப்படியொரு சோகம். அந்தத் துணுக்கு கொய்யாப்பழத்தோடு வயிற்றுக்குள் போயிருக்குமோ என்று சந்தேகம் வந்து, முலாம் எப்போது வெளியே வரும் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டாராம். அதற்குப் பிறகு அவளைக் கல் பக்கமே கொண்டுபோவதில்லை. கருப்பாயிக்கு வேறு தொல்லை. மெட்டுச் சாரலில் ஒரு ராத்திரி எண்ணெய் போடாமல் விட்டால் போதும், காலையில் மஞ்சள் பூசிக் குளித்தவள் மாதிரி துருவோடு இருப்பாள்.

ராசிங்காபுரத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் இரண்டையும் கட்டிக்கொண்டுதான் போனார். பெண்ணுக்கு இவரைப் பிடித்திருந்ததாம். பெண்ணின் அப்பாதான், "ஒரு கத்தியைக் கழிக்க முடியாத ஆளு, நாளைக்கு ரெண்டு பொண்டாட்டி கேட்டா என்ன செய்ய?" என்று தாம்பூலத்தட்டைத் திருப்பிவிட்டார். "அவர் சொல்றதும் ஞாயந்தேன்" என்று அண்ணனே எங்களிடம் சொன்னார்.

வண்டியில் ஓட்டெடுப்பும் நடக்கும். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். கீழே வைக்க வேண்டும், அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆடுகிற ஜீப்பில், முழங்காலும் மூட்டையுமாக அடைந்து கிடக்கிற இடத்தில், இரண்டு கத்தியும் இப்படி வைத்து எடுத்து, வைத்து எடுத்து ஒரு சுற்று வருவதற்குள் பாதி மலை ஏறியிருப்போம்.

மெட்டில் கடை வைத்திருந்த ராவுத்தர்தான் கத்துவார். "அண்ணே, ரோட்டைப் பாத்து ஓட்டுங்கண்ணே! வெரசாப் போங்க, எனக்குச் சோலி கெடக்கு."

"நீங்க ஓட்டுப் போட்டாச்சா பாய்?"

"போன வாரமே சீமாட்டிக்குப் போட்டேன்ல!"

"போன வாரம் வெயிலு. இன்னைக்குச் சாரல்."

ஏலக்காய் பறிக்கப் போகும் பேச்சியக்கா, "நான் ரெண்டு பேருக்கும் போடுறேன் அப்பு, சண்டை வேணாம்" என்பாள். எண்ணினால் எப்போதும் சமமாகத்தான் வரும். மெட்டு டீக்கடைச் சேட்டனிடம் தீர்ப்புக் கேட்டால், "எனிக்கு ரெண்டும் வேண்டா, சாயக் கிளாஸ் மதி" என்று, தனக்கு டீ கிளாஸே போதுமெனக் கும்பிடு போடுவார்.

ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்து மழை. கலா வண்டியின் பின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடப் பை நனையக் கூடாது என்று, வாரைத் தோளிலிருந்து கழற்றாமலே பையை மட்டும் தார்ப்பாய்க்கடியில், மூட்டை கட்டிய கயிற்றுக்குள் செருகி வைத்திருந்தாள். மூன்று அரிசி மூட்டைகள், ஒரே கயிற்றில் கட்டியவை. எதிரே வந்த லாரிக்கு அண்ணன் ஒதுங்கினார். ஊறிப்போயிருந்த சாலை ஓரம் இளகி, பின்சக்கரம் பொதுக்கென்று இறங்கியது. பின்பலகைச் சங்கிலி அறுந்து பலகை திறந்துகொண்டது.

சத்தமே கேட்கவில்லை எனக்கு. கனவில் நடப்பது போல மூட்டைகள் மெதுவாக, மிக மெதுவாக வெள்ளை மேகத்தை நோக்கி நழுவின. முதல் மூட்டை பள்ளத்தின் மேல் தொங்கியது. அது கயிற்றை இழுக்க, கயிறு பையை இழுக்க, பையின் வார் என் மகளை இழுத்தது. வார் அவள் அக்குளில் இறுகியிருந்தது, கழற்ற வரவில்லை. நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். பேச்சியக்கா என்னைக் கட்டிக்கொண்டாள்.

"கத்தி! கத்தி!" என்று ராவுத்தர் அலறினார். வண்டியில் வேறு யாரிடமும் கத்தி கிடையாது. அண்ணனிடம்தான் இரண்டு இருக்கிறதே என்று யாரும் எடுத்து வருவதில்லை.

அண்ணன் பாய்ந்து வந்தார். முதலில் கருப்பாயியை இழுத்தார். எண்ணெய் போடாமல் எத்தனை நாள் தாங்குவாள் என்று அந்த வாரம்தான் பரீட்சை வைத்திருந்தார். துரு பிடித்து உறையோடு ஒட்டிக்கொண்டு அசையவில்லை. சீமாட்டியை உருவினார். சட்டென்று வந்தாள், பளபளவென்று வந்தாள். வாரின் மேல் வைத்து அறுத்தால், வெண்ணெய்க் கரண்டி மாதிரி வழுக்கினாள். நெடுநாளாகக் கல்லையே பார்க்காத கத்தி எதை அறுக்கும்? இரண்டாவது மூட்டையும் விளிம்பைத் தாண்டியது.

அவர் சீமாட்டியை வீசி எறிந்தார். யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. குனிந்து, வாரும் பையும் சேருகிற தையலைப் பல்லால் கவ்வினார். தலையை ஒரே உதறு. தையல் பிரிந்தது. பை, மூட்டை, கயிறு எல்லாம் மேகத்துக்குள் போயின. கீழே எங்கோ வெகுநேரம் கழித்து ஒரு சத்தம் கேட்டது. நாங்கள் மூவரும் ஒருவர் மேல் ஒருவராக வண்டிக்குள் விழுந்து கிடந்தோம்.

முதலில் வாய் திறந்தவள் கலாதான். "என் ஜாமெட்ரி பாக்ஸு!" என்று ஓவென்று அழுதாள்.

"அழுகாத ஆத்தா, அழுகாத" என்றார் அண்ணன். வாயெல்லாம் ரத்தம், முன்பல் ஒன்றைக் காணோம். "நாளைக்கே வேற வாங்கிருவோம். தகரமா, பிளாஸ்டிக்கா?"

பேச்சியக்கா சிரித்த சிரிப்பில் ராவுத்தருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு இரண்டும் வரவில்லை. வருடம் சில ஆகியும் வரவில்லை. இன்றைக்கும் பஸ் ஒரு வளைவில் திரும்பினால் என் கை தானாகப் போய்க் கலாவின் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது. "விடும்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று அவள் சிடுசிடுக்கிறாள். பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஜீப்பே தீர்ப்புக்குக் காத்திருந்தது. அண்ணன் ஓட்டைப் பல்லோடு பூரிப்பாக வந்தார். "சீமாட்டியத் தேடிப் பிடிச்சுக் கல்லுல போட்டு, பூச்சைப் பூராம் உரிச்சுட்டேன் டீச்சர். கருப்பாயிக்கும் துரு எடுத்தாச்சு. இனி ரெண்டும் வெறும் இரும்புதேன்."

"அல்ஹம்துலில்லா!" என்றார் ராவுத்தர். "வழக்கு முடிஞ்சுச்சு."

முந்தல் தாண்டினோம், மேகம் வந்தது. பிறகு முன்சீட்டிலிருந்து மெதுவாகக் குரல் வந்தது. "ரெண்டும் ஒண்ணா இருக்கதுதேன் இப்பச் சங்கடம். இதுல எதைன்னு எடுக்க?"

இந்த வருடம் எனக்குச் சனிக்கிழமை மத்தியானமும் வகுப்பு வைத்துவிட்டார்கள். அப்பாவைப் பார்க்கக் கலா தனியாகத்தான் மலை ஏறுகிறாள். நான் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விடுகிறேன். புது ஜீப்புகள் நிறைய நிற்கின்றன. சட்சட்டென்று முடிவெடுத்து, சட்சட்டென்று கிளம்புகிற சுறுசுறுப்பான பையன்கள் ஓட்டுகிறார்கள். "ஏறச் சொல்லுங்க டீச்சர்" என்று கூப்பிடுகிறார்கள். நான் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, ஒரு வண்டி போக விட்டு, இரண்டு வண்டி போக விட்டு நிற்பேன்.

கடைசியாக அவர் வண்டி வரும். இறங்கி நின்று, "முன்னாடி உக்காருறியா ஆத்தா, நடுவுல உக்காருறியா? முன்னாடின்னா காத்து வரும், ஆனா பாரு..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே நான் பள்ளிக்கூடத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுவேன். திரும்பிப் பார்ப்பதில்லை.